குழாயின் உள்பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள தீப்பெட்டிக்கு,

உறையைக் கிழித்ததும் கீழே ஏதோ விழுந்திருக்குமே, முதலில் அதைத் தேடி எடு. கட்டிலுக்கு அடியில் சறுக்கிப் போயிருந்தால் குனிந்து எடு. உன் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

எடுத்தாயா? விரல் நீளத்தில் இரண்டு தகடு, நடுவில் ஒரு வெல்டு. டைட்டானியம். செய்தவர் யார் என்று கேள். உன் அண்ணன். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு மூக்குத்தாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்.

ஒடிந்த டைட்டானியம் பிரேம் கடைக்கு வந்தால் "இதை ஒட்ட முடியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். எத்தனை பேரிடம் அதையே சொல்வது? மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய டிக் வெல்டிங் மெஷின் ஒன்று கிடைத்தது. கார் நிறுத்தும் அறையில் காரை விற்றதிலிருந்து அட்டைப்பெட்டிகள்தான் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்துவிட்டு நான் குடியேறிவிட்டேன். உன் அண்ணி வாசலில் நின்று, "உங்க முட்டிக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள். மற்றபடி எதிர்ப்பு இல்லை.

வெல்டின் நிறத்தைப் பார்த்தாயா? நீலம், ஊதா, ஓரத்தில் தங்கம். மயில் கழுத்து மாதிரி இல்லை? முதல் முயற்சியிலேயே இப்படி வந்துவிட்டது.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன் பழைய பட்டறை வாட்ச்மேன் கொடுத்தார். வருடத்துக்கு ஒரு அட்டை போடுகிறாய். அதில் "நலம். நலமறிய ஆவல்" என்று மூன்றே வார்த்தை. அவ்வளவு ஆவல் இருப்பவள் முகவரியை எழுத மாட்டாளா? போன் நம்பரையும் மாற்றிவிட்டாய்.

வெல்டு எப்படி என்று மட்டும் சொல். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

மயில் கழுத்து அல்ல. குப்பை.

டைட்டானியம் சூடாக இருக்கும்போது காற்று பட்டால்தான் நீலமும் ஊதாவும் வரும். தகட்டை வைஸில் பிடித்து மடக்கிப் பார், தெரியும்.

வாட்ச்மேனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நலம்.


மார்ச் 6

அன்புள்ள தீப்பெட்டிக்கு,

மடக்கினேன். பிஸ்கட் மாதிரி 'பட்'டென்று ஒடிந்தது. ஒரு துண்டு பறந்து போய் எங்கே விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் கடிதத்தை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "குப்பைன்னு எழுதியிருக்காளா? அப்ப நல்லாத்தான் இருக்கா" என்றாள். ஆறு வருடத்தில் நீ எனக்கு எழுதிய கடிதங்களில் இதுதான் மிக நீளமானது, தெரியுமா? எண்ணிப் பார்த்தேன்.

வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. வெல்டிங்கைப் பற்றிக் கேட்பது அதில் சேராது. இரும்பில் நீலம் வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? ஆர்கான் வாயுவைத் தாராளமாகத்தான் விடுகிறேன். உஸ்ஸென்று சத்தம்கூடக் கேட்கிறது. புழுக்கம் என்பதால் பக்கத்தில் மேஜை விசிறி ஓடுகிறது. உருக்கி நிரப்பும் கம்பியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்கிறேன். எங்கே தப்பு?

சின்ன வயதில் உனக்குத் தீப்பெட்டி என்று பேர் வைத்தவனே நான்தான். உரசினால் போதும், பற்றிக்கொள்வாய் என்பதற்காக. இந்தக் கடிதத்தில் உரசியிருக்கிறேன். பற்றிக்கொள்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

விசிறியா? விசிறியைப் போட்டுக்கொண்டு டைட்டானியம் வெல்டு செய்த ஆளை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆர்கான் எதற்கு? சூடான உலோகத்தின் மேல் போர்வை மாதிரிக் கிடந்து காற்றை அண்டவிடாமல் செய்வதற்கு. நீ போர்வையையும் போர்த்திவிட்டு விசிறியால் அதைப் பறக்கவும் விடுகிறாய்.

சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். துணியால் துடைத்தால் போதாது. அசிட்டோன் போட்டுத் துடை, அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதே. விரல் ரேகை பட்டாலும் கெட்டுப்போகும். கம்பி பிரஷ் புதியதாக இருக்கட்டும், இரும்பைத் தேய்த்த பிரஷ் இதன் பக்கமே வரக்கூடாது. வெல்டிங் டார்ச்சின் மூக்கில், வாயு பரந்து விழும்படி, பெரிய கப்பாகப் பார்த்துப் போடு. வெல்டு முடிந்ததும் டார்ச்சைத் தூக்கிவிடாதே. அப்படியே பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணு. அதுவரை வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் நீலம்தான். நிரப்பும் கம்பியின் நுனி ஒவ்வொரு முறையும் வெளியே வந்து காற்றைக் குடித்திருக்கும், அடுத்த முறை வைக்கும் முன்னால் நுனியை வெட்டிவிடு.

நல்ல வெல்டு வெள்ளி மாதிரி இருக்கும். வைக்கோல் நிறம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நீலம், ஊதா கூடாது. சாம்பல் மாதிரி வந்தால் தூக்கிப் போடு.

இரண்டு விஷயம் முக்கியம். அறைக் கதவைத் திறந்தே வை. ஆர்கான் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கினால் மூச்சு முட்டும், மணமும் இருக்காது. உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டரின் தூளை உடனே பெருக்கி எடு. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, காய்ந்த மணலைத்தான் போட வேண்டும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். இதை அண்ணியிடமும் சொல்லு.

நான் இப்போது டார்ச் பிடிப்பதில்லை. இங்கே ரசாயனத் தொழிற்சாலையில் குழாய் வெல்டுகளைச் சோதிக்கும் வேலை. வெள்ளை விளக்கு, பூதக்கண்ணாடி, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு நாற்காலி. மற்றவர்கள் செய்ததைப் பார்த்து 'சரி' அல்லது 'வெட்டு' என்று சாக்பீஸால் எழுதுவேன். எல்லோருக்கும் என்னைக் கண்டால் பயம்.

முட்டி எப்படி இருக்கிறது? இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.


ஏப்ரல் 2

அன்புள்ள தீப்பெட்டிக்கு,

வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்து முடிந்திருக்கிறது. காரணம் நீ.

ஆர்கான் காற்றைவிடக் கனம் என்று எழுதினாய் அல்லவா? அப்படியானால் ஒரு தொட்டிக்குள் விட்டால் தண்ணீர் மாதிரி நிற்குமே என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன்கள் இருந்தன. அவற்றை வாளிக்கு மாற்றினேன். மணல் வாளி இல்லை, வேறு வாளி. தொட்டிக்குள் அடியில் செங்கல் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரத்தில் குழாயை விட்டு வாயுவை நிரப்பி, இரண்டு கையையும் உள்ளே விட்டுச் செய்தேன்.

அண்ணி வந்து பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மீனுக்குப் பதிலா நீங்க வாளிக்குள்ள இருந்திருக்கலாம்" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. புதுத் தொட்டி வந்துவிட்டது, மீன்கள் சௌக்கியம்.

இத்துடன் இருப்பதைப் பார். வெள்ளி! ஒரு ஓரத்தில் மட்டும் வைக்கோல் நிறம். மடக்கிப் பார்த்தேன், வளைந்ததே தவிர ஒடியவில்லை. இதுவரை செய்தவை: அண்ணியின் பை மாட்ட ஒரு கொக்கி, சாவி வளையம் இரண்டு, கூடாரத்துக்கு முளை நான்கு (கூடாரம் இல்லை), நீளக் கைப்பிடி வைத்த ஒரு கரண்டி. கரண்டி கொஞ்சம் கோணல். எடுத்துத் தூக்கினால் காகிதம் மாதிரி கனமே இல்லை. போகிற வருகிற எல்லோர் கையிலும் கொடுத்து "தூக்கிப் பாருங்க" என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறார்.

முட்டியைப் பற்றிக் கேட்டாய். மாடிப்படி ஒவ்வொன்றாக ஏறுகிறேன். இறங்கும்போது கைப்பிடி வேண்டும். மழைநாளில் அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மறுபடி லிஃப்ட் மெக்கானிக்காக முடியாது, அதுதான் உனக்கும் தெரியுமே. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்த இடத்தில் வேலை, நல்ல வெளிச்சம், வருகிறவர்கள் என்னைப் பார்த்தே தீர வேண்டும். குறை ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு மாதம் பழகினால் கை நிதானத்துக்கு வந்துவிடும். அப்புறம் பரணிலிருந்து சைக்கிளை இறக்கலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

சைக்கிளை இறக்காதே.

அது இன்னும் இருக்கிறதா? அன்றைக்கே எங்காவது எறிந்திருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பரணில், உன் தலைக்கு மேலே, ஆறு வருடமாகவா?

கரண்டி செய், கொக்கி செய், முளை செய். உடைந்தால் பை கீழே விழும், அவ்வளவுதான். ஆள் ஏறி உட்காரும் எதையும் பொழுதுபோக்காகச் செய்யக் கூடாது. இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பட்டறையில் மிச்சம் கிடந்த குழாய்களை எடுத்து, உன் பிறந்தநாளுக்கென்று மதிய இடைவேளைகளில் வெல்டு செய்து, "உலகத்திலேயே கனமில்லாத சைக்கிள்" என்று உன்னிடம் நீட்டியவள் நான்தானே? வெல்டெல்லாம் நீலமும் ஊதாவுமாக மின்னியது. நீதான் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாய். ஏழு மாதம் ஓட்டினாய். மேம்பாலத்துச் சரிவில் இறங்கும்போது ஹேண்டில் பக்கத்து இணைப்பு விட்டுப்போனது.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் நின்றேன். முட்டியில் இரும்பைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். நீ என்னைத் திட்டவே இல்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.

அதை ஒட்டி, மறுபடி ஏறி ஓட்டப் போகிறாயா? இந்த முட்டியோடு? இதற்காகத்தான் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாயா? இனிமேல் வெல்டிங்கைப் பற்றி ஒரு வரி சொல்ல மாட்டேன்.

அண்ணியிடம் சொல்லி அதை உடனே பழைய இரும்புக்குப் போடச் சொல்.


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

இந்த முறை தீப்பெட்டி என்று எழுதக் கை வரவில்லை.

சைக்கிளை ஓட்டுவதற்காக அல்ல. ஓட்டவும் முடியாது, முட்டி அவ்வளவு மடங்காது. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தாயிற்று. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழாயில் நான் ஒரு ஓட்டை போட்டேன்.

விழுவதற்கு மூன்று வாரம் முன்பு. முன்விளக்கு மாட்டுவதற்காக. ஹேண்டில் பக்கத்து இணைப்புக்குச் சற்றுக் கீழே, பென்சில் பருமனில் ஒரு ஓட்டை. வீட்டு டிரில்லால் போட்டேன். டைட்டானியம் லேசில் இறங்கவில்லை, ஏறி நின்று அழுத்தினேன். குழாய் கிறீச்சென்று கத்தியது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் திட்டுவாய் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வலி அல்ல, அந்த ஓட்டைதான். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் வெல்டுதான் அண்ணா, என் வெல்டுதான்" என்று அழுதாய். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வலி, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள், 'அவள் செய்ததுதானே, கொஞ்சம் அழட்டும்' என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பது சுலபமாகிவிட்டது. அண்ணிக்கும் தெரியாது.

மெஷின் வாங்கியது கண்ணாடி பிரேமுக்காக அல்ல. இரண்டு துண்டு வெல்டு செய்து, ஒன்றில் ஓட்டை போட்டு, ஒன்றை அப்படியே விட்டு, எது முதலில் ஒடிகிறது என்று பார்க்க நினைத்தேன். இருபது துண்டு செய்தாயிற்று. ஒன்றும் புரியவில்லை. சில நாள் ஓட்டை போட்டது ஒடிகிறது, சில நாள் போடாதது ஒடிகிறது. என் வெல்டே லட்சணமாக இல்லாதபோது அதை வைத்து என்ன தெரியும்?

சைக்கிளை இறக்க நினைத்தது அந்த இணைப்பை நானே பார்க்கலாம் என்றுதான். பார்க்கத் தெரிந்தவள் நீ. அதையும் கேட்காமல் சுற்றி வளைத்து மயில் கழுத்து என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் ஊரை விட்டு, கையில் இருந்த தொழிலை விட்டு, நீ போனது நான் வாய் திறக்காததால். மன்னிப்பு கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

அண்ணன்


ஏப்ரல் 30

ஆறு வருடம்.

நான் இங்கே ஒவ்வொரு குழாயையும் எடுக்கும்போது உன் முட்டியை நினைத்துத்தான் எடுப்பேன். ஒவ்வொன்றையும். ஆறு வருடம். நீ உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

அந்த இணைப்பை அறுத்து அனுப்பு. உடைந்த இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, ஓட்டையும் துண்டோடு சேர்ந்து வரும்படி, ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறு. கிரைண்டர் வைக்காதே, சூடாகிவிடும். உடைந்த முகத்தைத் துடைக்காதே, விரலால் தொடாதே, இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதே. தனித்தனியாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வை.

வேறு எதுவும் எழுதாதே.


மே 8

அனுப்பியிருக்கிறேன். தொடவில்லை, துடைக்கவில்லை, பொருத்தவில்லை. அறுக்க இரண்டு மாலை ஆனது, நான்கு பிளேடு போனது.

அண்ணி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய், வீட்டுக்குள் ஏதோ அலமாரியைத் துடைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தாள். "அறுங்க" என்றாள்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். எழுதவில்லை.

அண்ணன்


மே 27

அண்ணா,

பெட்டி வந்து பத்து நாள் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. தினமும் இழுப்பறையைத் திறப்பேன், மூடுவேன். போன வெள்ளிக்கிழமை சோதனை அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. எடுத்தேன்.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததை, மற்ற குழாய்களுக்கு எழுதுவது போலவே எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கு எழுத வரும்.

விரிசல் தொடங்கிய இடம், குழாயின் உள்பக்கம், வெல்டுக்கு நேர் அடியில். வெளியே நீலமும் ஊதாவும். உள்ளே சாம்பல். கையால் தட்டினால் உதிரும் சுண்ணாம்பு மாதிரிப் பொரிந்து கிடக்கிறது. அங்கே இருந்து விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் கோடு கோடாக விழுமே, அதே மாதிரிக் கோடுகள். எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. நீ ஓட்டிய ஒவ்வொரு நாளும் அது வளர்ந்திருக்கிறது.

உன் ஓட்டை, விரிசல் தொடங்கிய இடத்திலிருந்து முப்பத்துநான்கு மில்லிமீட்டர் தள்ளி, குழாயின் மறுபக்கத்தில் இருக்கிறது. விரிசல் அதன் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டையின் விளிம்பை முழுவதும் சுற்றிப் பார்த்தேன், மயிரிழைக் கீறல்கூடக் கிடையாது. நீ அதைப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அந்தக் குழாய் அதே மேம்பாலத்தில் இல்லையென்றால் அடுத்த மேம்பாலத்தில் விட்டுப்போயிருக்கும்.

ஓட்டை நிரபராதி. தப்பு வெல்டில்தான்.

இனி எழுதப்போவது சோதனை அறிக்கையில் வராது. குழாயை வெல்டு செய்யும்போது வெளியே வாயு விட்டால் மட்டும் போதாது, உள்ளேயும் நிரப்ப வேண்டும். இரண்டு முனையையும் அடைத்து, இன்னொரு குழாயால் உள்ளே ஆர்கான் விட வேண்டும். அது எனக்கு அப்போதே தெரியும். இந்த இணைப்பைச் செய்த அன்றைக்கு அந்த இரண்டாவது வாயுக் குழாய் வேறு வேலையில் மாட்டியிருந்தது. திங்கட்கிழமை வரை காத்திருக்கலாம். உன் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. 'சைக்கிள்தானே' என்று நினைத்தேன். அந்த வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது. வாய்விட்டே சொன்னேன்.

அதனால்தான் ஓடினேன் அண்ணா. விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். தெரியாமல் நடந்தது என்று அண்ணி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தெரியாமல் நடக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உன்னைப் போன கடிதத்தில் அப்படித் திட்டியிருக்கக் கூடாது. நானும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், வேறு ஊரில்.

துண்டுகளைத் திருப்பி அனுப்பவா, இங்கேயே போட்டுவிடவா?


ஜூன் 6

அன்புள்ள தீப்பெட்டிக்கு,

போட்டுவிடு.

உன் கடிதம் வந்தபோது கடையில் இருந்தேன். ஒரு வாடிக்கையாளர் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் உன் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். "சரியா சார்?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடி வரச்சொல்ல வேண்டும், பாவம்.

உண்மையைச் சொல்கிறேன். ஓட்டை காரணமில்லை என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். அரை நாள் முழுக்கச் சந்தோஷம். வீட்டுக்கு நடந்து வரும்போது முட்டிகூட வலிக்கவில்லை. அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. எனக்கு இறங்கிய பாரம் எங்கே போய் ஏறியிருக்கிறது என்று.

கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருந்தது. 'சைக்கிள்தானே' என்ற வரியில் இருந்தது. ஒரு மணி நேரம் கார் அறையில் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் தண்டவாளத்தில் ஏறி நிற்கும்போது காலுக்குக் கீழே பத்து மாடி வெறும் காற்றாக இருக்குமே, அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணி டீயோடு வந்தாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன்.

நின்றபடியே முழுவதும் படித்தாள். மடித்தாள். "அவ உள்பக்கம் பாக்கல, நீங்க வாயைத் திறக்கல. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான்னு சந்தேகமே வேண்டாம்" என்றாள். "இப்ப யாரு யாரை மன்னிக்கணும்னு ரெண்டு பேரும் உக்காந்து இன்னும் ஆறு வருஷம் கடுதாசி எழுதப் போறீங்களா? அவளை வரச் சொல்லுங்க."

"வருவாளா?"

"நீங்க கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை கடிதத்தில் ஒரு முறைகூட நான் உன்னை வா என்று எழுதவில்லை. நீ வரமாட்டாய் என்று நானே முடிவு செய்துகொண்டு, எதை எதையோ எழுதியிருக்கிறேன்.

வா.

டார்ச் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மீனைப் பார்க்க வா. அண்ணி மாடி அறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். அதில் இருந்த கூடார முளைகளை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கிறாள்.

அண்ணன்


ஆகஸ்ட் 21

அண்ணா, அண்ணி,

நேற்று மத்தியானம் இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அண்ணி கட்டிக் கொடுத்ததை எதிரில் இருந்த அம்மாவுக்கும் கொடுத்தேன். அறையைத் திறந்தால் பத்து நாள் தூசி.

நேரில் சொல்லாமல் வந்துவிட்ட ஒன்றை எழுதுகிறேன். எழுதும்போதுதான் நமக்கு வாய் திறக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்ததைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ நடந்து நான் பார்த்ததே இல்லை. எப்படி நடப்பாய் என்று எனக்கு நானே கற்பனை செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த நடை மோசமாகிக்கொண்டே வந்தது. திரும்பி வராததற்கு வெட்கம் பாதிக் காரணம். மீதி இது. அந்த நடையைப் பார்க்கப் பயம்.

ஸ்டேஷனில் நான் இறங்கி நின்றபோது நீ பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்தாய். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. நீ வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாய். ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாய்! அண்ணி பின்னால், "மெதுவா, மெதுவா" என்று ஓடி வந்தாள், உன்னை எட்டிப் பிடிக்க முடியவில்லை. வந்ததும் வராததுமாக, "பையில என்ன, கல்லா? இவ்ளோ கனமா யாராவது தூக்கிட்டு வருவாங்களா?" என்று என் கையிலிருந்து பிடுங்கினாய். கட்டிப் பிடிப்பாய், அழுவாய், நானும் அழுவேன் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவளை, பிளாட்பாரத்திலேயே திட்ட ஆரம்பித்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருடமாக என் தலைக்குள் நொண்டிக்கொண்டிருந்த ஆள் நீ இல்லை.

அந்தக் கார் அறையில் நாலாவது நாள் டார்ச்சை என் கையில் கொடுத்தாயே, நான் அதை இரண்டு முறை கீழே வைத்து எடுத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாய். அதற்கும் நன்றி. அண்ணிக்குச் செய்த துணி உலர்த்தும் தண்டு நல்ல வேலை என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் அது நல்ல வேலை. உள்ளே வாயு நிரம்பும் வரை பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம், நினைவிருக்கிறதா? நீ இரண்டு முறை, "போதுமா, ஆரம்பிக்கலாமா?" என்றாய். நான் இல்லை என்றேன். மூன்றாம் முறை நீ கேட்கவில்லை, பழைய லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாணக் கோஷ்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். பிறகு குழாயின் முனையை அறுத்து, டார்ச் லைட் அடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்துவிட்டு, "வெள்ளிடா தீப்பெட்டி" என்றாய். நீ சொன்ன பிறகும் நான் பிடுங்கிப் பார்த்தேன். தொழில் புத்தி.

அண்ணிக்கு: தண்டில் ஈரப் போர்வை போடலாம். ஆள் தொங்கக் கூடாது. அண்ணனிடம் குறிப்பாகச் சொல்லவும்.

இன்று காலை மேற்பார்வையாளரிடம் போய், வாரத்தில் இரண்டு நாள் வெல்டிங் பக்கம் உட்காரலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களா? செய்வீங்களா?" என்றார். "செஞ்சிட்டுத்தான் இங்க வந்தேன்" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் யோசிக்கட்டும். நான் மத்தியானமே கடைக்குப் போய்க் கையுறை வாங்கி வந்துவிட்டேன். என் அளவு, ஒரு ஜோடி.

தீப்பெட்டி